செவலை நின்ற பாறை

ஆடுகளின் வானொலி பொருத்திய கழுத்துப்பட்டைகள் ஒன்றன் சொல்லை மற்றொன்று ஏந்திக் கொடுக்க, சிறுத்தை உலவும் மலைமேல் கிடை போட்டிருந்த ஆயன் ஊர்க்காவலனின் முருகன் பாட்டு அந்திதோறும் அடிவாரத்து வீட்டின் ஒலிபெருக்கியை அடைந்தது. விளக்கேற்றி அதைக் கேட்டால்தான் அவன் மனைவி மாடத்திக்கு நெஞ்சு ஆறும்.

மந்தையோடு சேராமல் விளிம்புப் பாறையிலேயே தனித்து நிற்பது செவலை ஆடு. அவன் மந்தையோடு இறங்கி வந்திருந்த நாளில், கூட்டத்தோடு சேராதது எதற்கென்று, அதன் பட்டையைக் கழற்றி வைத்துக்கொண்டு ஆட்டைத் தங்கைக்குக் கொடுத்துவிட்டாள் மாடத்தி. அவன் மலையேறிய பின் இரண்டு அந்திகள் பாட்டே வரவில்லை. வீட்டுக்கும் மந்தைக்கும் நடுவே நின்று பாட்டைக் கடத்தியது அந்த ஆடுதான் என்று அப்போதுதான் விளங்கியது.

மூன்றாம் நாள் பட்டையைத் தன் கழுத்தில் பூட்டிக்கொண்டு, மூச்சிரைக்க ஏறி, அப்பாறைமேல் நின்றாள்.

ஊர்க்காவலன் ஓடி வந்தான். "ஏட்டி, கழுத்துல என்னட்டி அது?"

"செவலைக்குப் பதிலா நான் நிக்கேன். பாடுங்க, வீட்டுக்குப் போவட்டும்."

"நீ இங்கன நின்னா, வீட்டுல யாருட்டி கேப்பா?"

அவள் முகம் சிவக்கச் சிரித்தாள். "ஏறுன கால் வலிக்கு. எனக்கே பாடுங்க."

அவன் அருகமர்ந்து பாடினான். கீழே, ஏற்றாத விளக்கின் முன், ஆளில்லா வீட்டிலும் அப்பாட்டு ஒரு சொல் குறையாமல் ஒலித்தது.