சுருட்டு ராணி

"அண்ணி, உங்க ஜெயில்ல பொம்பளைங்க சுருட்டு பிடிப்பாங்களாமே, நிஜமா?"

நாத்தனார் கேட்டதும் வார்டன் அம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெண்கள் சிறையில் வருஷக்கணக்காக வேலை பார்க்கிறவள். இதுநாள்வரை அந்த இடத்தைப் பற்றி ஒருத்தரும் அவளிடம் வாயைத் திறந்ததில்லை. டிவியில் அந்த ஜெயில் சீரியல் வந்தாலும் வந்தது, காய்கறிக்காரியிலிருந்து பஸ் கண்டக்டர் வரை இதே பேச்சு.

"யார் சொன்னா உனக்கு?"

"டிவியில காட்டறாங்களே. அந்தச் சுருட்டு ராணி நேத்து ஒருத்தி முடியைப் பிடிச்சு சுவத்துல மோதினா பாருங்க, எனக்குத் தூக்கமே வரல."

"எங்க ஜெயில்ல ஒருத்தி தலையை இன்னொருத்தி பிடிச்சா, பேன் பாக்கறான்னு அர்த்தம்."

நாத்தனார் நமட்டுச் சிரிப்புச் சிரித்தாள். "நீங்க அப்படித்தான் சொல்வீங்க. வெளிய சொல்லக்கூடாதுன்னு ரூல் இருக்கும்."

பஸ்ஸில் போகும்போதும் வார்டன் அம்மாவுக்கு மனசு ஆறவில்லை. உதட்டுச் சாயம் பூசிய கைதிகளாம். பாவாடைக்குள் பிளேடாம். உள்ளே இருப்பவர்களில் பாதிப் பேருக்கு இன்னும் வழக்கே விசாரணைக்கு வரவில்லை. தம்பி கொடுத்த பொட்டலத்தை என்ன ஏதென்று கேட்காமல் வாங்கி வைத்தவள் ஒருத்தி. புருஷனிடம் அடி வாங்கி வாங்கி, ஒரே ஒரு தடவை திருப்பி அடித்தவள் இன்னொருத்தி. இவர்களை வைத்துத்தான் ஊர் முழுக்க உட்கார்ந்து பொழுதுபோக்குகிறது.

இதில் பெரிய கொடுமை, சிறைக்குள்ளும் சாயங்காலமானால் அதே சீரியல்தான் ஓடியது. கைதிகளே கேட்டு வாங்கிய சலுகை அது. இத்தனை நாள் வார்டன் அம்மாவுக்கு வாசலில் வேலை. அன்றைக்குத்தான் டிவி ஹாலுக்குப் போட்டிருந்தார்கள். ரிமோட் இனிமேல் அவள் கையில்.

ஹாலில் எல்லாரும் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். திரையில் சுருட்டு ராணி ஒருத்தியை எட்டி உதைத்துக்கொண்டிருந்தாள்.

வார்டன் அம்மா ரிமோட்டால் சத்தத்தை நிறுத்தினாள். "உங்களுக்கெல்லாம் சூடு சுரணையே கிடையாதா?"

ஒவ்வொருத்தியாகத் திரும்பிப் பார்த்தார்கள்.

"உங்களைப் பேய் மாதிரி காட்டறான். அதை வாயைப் பொளந்து பாத்துக்கிட்டு உட்கார்ந்திருக்கீங்க. வெளிய எனக்குத் தலைகாட்ட முடியல. உங்களுக்கு வலிக்கலையா? இன்னையோட இந்தக் கண்றாவி கிடையாது. நாளையிலேருந்து வேற ஏதாவது பாருங்க."

சமையற்கட்டைப் பார்த்துக்கொள்கிற கைதி எழுந்தாள். சுருக்கமாக அடுப்படி அக்கா. யாரிடமும் எதற்கும் கெஞ்சாதவள்.

"நிறுத்திடாதீங்க மேடம்."

"நீயுமா? இதுல ஒரு வார்த்தை உண்மை இருக்கா, சொல்லு."

"எல்லாம் புளுகுதான். சண்டை வர்றப்ப நாங்க பாக்கறதே இல்ல. கதை பேசிக்கிட்டிருப்போம்."

"அப்ப எதுக்கு இது?"

அடுப்படி அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். "கடைசி சீன் மட்டும் விடுங்க. பாத்துட்டு நீங்களே முடிவு பண்ணுங்க."

என்னதான் இருக்கிறது பார்த்துவிடலாம் என்று வார்டன் அம்மா சத்தத்தைக் கூட்டினாள்.

உதைத்து முடித்த சுருட்டு ராணியைப் பார்க்க, அவளைப் பெற்றவள் வந்தாள். தினமும் வருவாளாம். வயசான அம்மா, கம்பி வலைக்கு அந்தப் பக்கம் நின்று முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். சுருட்டு ராணி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஹாலில் கதை பேசிக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் திரைப் பக்கம் திரும்பினார்கள்.

"சாப்பிட்டியா தாயி?" என்றாள் திரையில் இருந்த அம்மா.

"சாப்பிட்டேம்மா," என்றது ஹால்.

முன்வரிசை, பின்வரிசை, நேற்று வந்தவள், போன வருஷம் வந்தவள், எல்லாரும் சொன்னார்கள். ஒருத்தி, "நான் நல்லா இருக்கேன், நீ அழாத," என்றாள். யாரிடமும் கெஞ்சாத அடுப்படி அக்கா, "நீ மாத்திரை போட்டியாம்மா?" என்று கேட்டாள்.

வார்டன் அம்மா திரையையும் அவர்களையும் மாறி மாறிப் பார்த்தாள். "என்னடி இது, யாருக்குப் பதில் சொல்றீங்க? அது டிவி."

கேட்கும்போதே அவளுக்கு வாசல் ஞாபகம் வந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் ஆண்கள் சிறை. கொலை செய்துவிட்டு வந்தவனைப் பார்க்கவும் பெண்டாட்டியும் அம்மாவும் தூக்குவாளியோடு தெரு முனை வரை வரிசையில் நிற்பார்கள். இந்தப் பக்கம், பெண்கள் சிறை வாசலில் வருஷக்கணக்காக நின்றவள் வார்டன் அம்மாதானே. எத்தனை புருஷன்கள் வந்தார்கள், எத்தனை அண்ணன் தம்பிகள் வந்தார்கள் என்று அவளுக்குத் தெரியாதா? யாரும் வராததற்காக அவளுக்கு ஒருநாளாவது கோபம் வந்ததுண்டா?

அடுப்படி அக்கா திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்:

"டிவின்னு தெரியும் மேடம். ஆனா, சாப்பிட்டியான்னு கேக்க வந்தவ அவ ஒருத்திதானே?"