புது ரிலே

"கரண்டு போனா பதறாத. நாங்கதான் நிறுத்துறோம். டெஸ்ட் முடிஞ்ச கையோட போட்டுருவேன்" என்று துணைமின் நிலைய ஆபரேட்டர் போனில் மனைவியிடம் சொன்னார்.

"இங்க காத்து பேயா அடிக்குதுங்க. கொல்லையில காயப்போட்ட துணிய எடுத்துட்டு வந்துடறேன்" என்று அவள் வைத்துவிட்டாள். அந்தக் கொல்லைக்கு மேலேதான் லைன் போகிறது.

புது ரிலேயைக் காலையில்தான் லைனில் சேர்த்திருந்தார்கள். போன வருஷம் கம்பி அறுந்து காய்ந்த மண்ணில் கிடந்தபோது பழைய ரிலே கண்டுகொள்ளவே இல்லை. மிதித்த லைன்மேனுக்கு ஒரு கால் போயிற்று. புதியது, கம்பி அறுந்த மாத்திரத்தில் மின்சாரத்தை வெட்டிவிடுமாம்.

"விக்கிறவன் அப்படித்தான் சொல்லுவான் மேடம். காக்கா உக்காந்தாலும் வெட்டுமோ என்னமோ" என்றார் ஆபரேட்டர்.

"பாத்துட்டுப் பேசுங்கண்ணே" என்றாள் இன்ஜினியர். "கம்பி அறுந்த மாதிரியே டெஸ்ட் மெஷினை வச்சு ரிலேயை ஏமாத்தப் போறோம். அது ஏமாந்தா பாஸ்."

பேனலுக்குப் பின்னால், ஊமைக்கோட்டான் என்று பேரெடுத்த டெஸ்டர் வாயில் ஒயரைக் கவ்வியபடி அந்த மெஷினோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். அது ஓடத் தொடங்கினால், விசிறி இரைச்சலில் பக்கத்தில் இருப்பவரிடம்கூடக் கத்தித்தான் பேசவேண்டும்.

திடீரென்று ரிலேயில் சிவப்பு விளக்கு எரிந்தது. வெளியே லைனைத் துண்டிக்கும் பிரேக்கர் தடாரென்று திறந்துகொண்டது.

"அட, வெட்டிருச்சே" என்று ஆபரேட்டர் முணுமுணுத்தது இன்ஜினியர் காதில் விழுந்தது.

"காக்கா எதுவும் வரலையேண்ணே" என்று அவள் சிரித்தாள். "ஒத்துக்கிட்டீங்கல்ல? லைனைப் போட்டுருங்க. அண்ணி இருட்டுல திட்டிட்டு இருப்பாங்க."

ஆபரேட்டர் மனைவியை அழைத்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது, அவள் எடுக்கவில்லை.

"கைநிறைய துணியா இருக்கும்" என்று போனைப் பையில் போட்டுவிட்டு, லைனைப் போடும் சுவிட்சைப் பிடித்தார்.

பேனலுக்குப் பின்னாலிருந்து தவழ்ந்து வந்த டெஸ்டர், வாயிலிருந்த ஒயரைத் துப்பிவிட்டு அவர் மணிக்கட்டை இறுகப் பற்றினார்.

"போடாதீங்க. நான் இன்னும் மெஷினை ஆன் பண்ணவே இல்ல."