நாற்பதாவது வரி

"இன்னா மாப்ளே, நல்லா ஓடுதா? ஒரு தபா நின்னு போச்சுன்னு சொன்னியே" என்றார் ஜெகபர் அலி, வாசற்படியில் நின்றபடி.

முகைதீன், மனைவியின் கட்டிலில், தலைமாட்டுப் பக்கம் உட்கார்ந்து, கேசட்டிலிருந்து புரோகிராம் ஏறி முடியக் காத்திருந்தான்.

ஜெகபர் துபாயிலிருந்து கொண்டுவந்த கம்ப்யூட்டர் பெட்டி. படுத்த படுக்கையாகிவிட்ட தங்கை மெஹருன்னிசாவுக்குப் பொழுது போகட்டும் என்று. புரோகிராம் எழுதியது முகைதீன். மைக்கில் ஒரு சத்தம் விழுந்தால் போதும், பெட்டி அதன் நீளத்துக்கு ஒரு மெட்டுக் கட்டி வாசிக்கும். பிறகு அதையே எதிரொலி மாதிரி இரண்டு முறை, ஒன்றைவிட ஒன்று சிறிதாக.

அவள் இறந்த நாற்பதாம் நாள் ஃபாத்திஹா நேற்று முடிந்தது. பதினோரு மணி பஸ்ஸில் பெட்டி பழவேற்காட்டை விட்டு மண்ணடிக்குப் போகிறது, ஜெகபரின் கூட்டாளி வீட்டுக்கு.

ஓட்டிப் பார்த்துக் கொடுத்துவிடலாம் என்றுதான் உட்கார்ந்தான்.

பெட்டி வாசித்தது.

யாரும் பேசவில்லை.

ஏரிக்காற்றாக இருக்கும். ஜன்னலைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தான். வாசித்தது.

ஃபேனை நிறுத்தினான். வாசித்தது.

"தானா பாடுதுபா!" ஜெகபர் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. கட்டிலைப் பார்த்தார். மைக் இன்னும் தலைமாட்டுக் கம்பியில் வலை நூலால் கட்டியபடியே இருந்தது. வாய்க்குள் எதையோ ஓதிக்கொண்டு தெருவில் இறங்கி நின்றார்.

பெட்டி வாசித்தது. கொஞ்சம் இடைவெளி. மறுபடியும்.

பி.எஸ்சி. இயற்பியல் படித்தவன் முகைதீன். அவளாக இருக்க முடியாது. ஆனால் அவள்தான் என்றால், இதை எப்படி பஸ் ஏற்றுவது?

புரோகிராமை நிறுத்தி, வரி வரியாகப் படித்தான். நாற்பதாவது வரியில் விரல் நின்றது. எவ்வளவு சத்தத்துக்கு மேல் கேட்டால் பெட்டி வாசிக்க வேண்டும் என்பதற்கான எண் அங்கே இருந்தது.

மூன்று.

முப்பது அல்லவா போட்டிருந்தான்? மூன்றுக்குக் கொசு பறந்தால்கூட வாசிக்குமே. யார் மாற்றியது?

மறுபடி ஓட்டினான். திரையைக் கூர்ந்து பார்க்க முன்னால் குனிந்தபோது மூச்சு தானாக அடங்கியது.

பெட்டி அடங்கியது.

மூச்சை விட்டான். மைக் அவன் கன்னத்துக்குச் சாண் தூரத்தில் இருந்தது. பெட்டி வாசித்தது.

அப்போதுதான் நினைவு வந்தது. அவள் பாடிக்கொண்டிருந்தபோது முப்பது. தொண்டையில் ஆபரேஷன் ஆன பிறகு பத்து. கடைசியில் மூச்சு மட்டும்தான் இருந்தது. அடுப்படியில் இருந்தாலும் அவனுக்குக் கேட்க வேண்டுமே என்று அவனே போட்ட மூன்று.

"பஸ் வந்துடும் மாப்ளே. இன்னா கோளாறு?" தெருவிலிருந்து ஜெகபர்.

கோளாறு இல்லை. அவள் போன அன்று காலையும் இல்லை.

கஞ்சி சூடு பண்ணிக்கொண்டிருந்தான். பெட்டி சட்டென்று நின்றது. ஓடி வந்து, கட்டிலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, அரை மணி நேரம் வயரைத்தான் திருகிக்கொண்டிருந்தான்.