தாயின் தொழில்

நாற்றுப் பறித்த சேற்றோடு வந்து நின்ற அம்மாவிடம் வேளாண் கல்லூரி விண்ணப்பத்தை வாசித்துக் காட்டினேன்.

"தந்தை தொழில், விவசாயி. தாய் தொழில், இல்லத்தரசி."

"உங்கப்பன் வயல்ல கால் வச்சு எத்தன வருசமாச்சுடி?"

"பட்டா அவரு பேருலதானம்மா இருக்கு. எல்லாரும் இப்படித்தான் எழுதுவாங்க."

விதை நேர்த்தி, களை மேலாண்மை என்று நான் மனப்பாடம் செய்த சொற்களையெல்லாம் தினமும் செய்துகொண்டிருந்தவள் அவள். எழுதும்போது அது எனக்கு உறைக்கவே இல்லை.

கையிலிருந்த நாற்றுக் கட்டை விண்ணப்பத்தின் மேல் வைத்தாள்.

"அந்த விவசாயியப் போயி நடச் சொல்லு. இல்லத்தரசி தூங்கப் போறா."

சேற்றுக் காலோடு பாயை விரித்துச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். வாசலில் நடவு ஆட்களின் குரல் கேட்டது.

"கோமளக்கா, எந்த வயல்லேருந்து ஆரம்பிக்க?"

வெள்ளைச் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்த அப்பா என்னைப் பார்த்தார்.