பெட்டிக்குள் சூடு

கையை உள்ளே விட்டவள் வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

சுட்டது!

கூத்தாட வேண்டும் போலிருந்தது. மூடியிருந்த வாழையிலையை இன்னும் கொஞ்சம் விலக்கி மறுபடி கையை விட்டாள். நடுவில் நன்றாகவே சுட்டது. காடியின் புளித்த வாடை குப்பென்று மூக்கில் ஏறியது. அவளுக்கு அது மணமாகத்தான் இருந்தது.

மரப்பெட்டி நிறைய கொக்கோ விதை. அவள் தோப்புக் காய் மட்டும் என்றால் பாதிப் பெட்டிகூட நிரம்பாது. நிரம்பாவிட்டால் சூடு பிடிக்காது, சூடு பிடிக்காவிட்டால் விதை புளிக்காது. அதனால் பக்கத்துத் தோப்புத் தரணியும் மோகனாவும் தங்கள் காய்களையும் உடைத்துக் கொண்டுவந்து கொட்டியிருந்தார்கள். ஊரே ஈர விதையை வியாபாரியிடம் தள்ளிவிட்டுக் கொடுத்ததை வாங்கிக்கொள்ளும்போது, இந்த மூன்று பேருக்கு மட்டும் சொந்தமாகப் புளிக்கவைத்துப் பார்க்கும் கிறுக்கு.

அப்பா கொடுத்த கெடு இன்றோடு முடிகிறது. விதை தேறவில்லை என்றால் தென்னைக்கு நடுவே நிற்கும் கொக்கோ மரம் ஒன்றுகூட மிஞ்சாது. வெட்டுகிற ஆட்களுக்குச் சொல்லியாயிற்று.

"அப்பா! ஓடி வாங்க! சூடாயிருச்சுங்கப்பா!"

வந்தவர் கையை வைத்துப் பார்த்தார். முகம் சுருங்கியது.

"அவிஞ்சு போச்சா கண்ணு?"

காலமெல்லாம் கொப்பரை காயவைத்த மனுஷன். குவியலில் சூடு ஏறினால் சரக்கு போச்சு என்றே பழகியவர். பாவம், குரலில் வருத்தம்கூட இருந்தது.

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ஒரு விதையை எடுத்தாள். கத்தியால் நீளவாக்கில் பிளந்தாள்.

ஓரமெல்லாம் பழுப்பு.

புளிக்காத விதையின் ஊதா, நடுவில் மட்டும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது. பெட்டி விதையை இன்னும் ஒரு தரம் புரட்டிப் போட்டால் அதுவும் போய்விடும்.

"இப்படித்தானுங்கப்பா ஆகணும்!"

அவர் அதை வாங்கி முகர்ந்தார். கத்தியையும் வாங்கினார். தானே ஒன்றைப் பிளந்தார்.

இன்னொன்றை.

கேட்டில் ஹாரன் அடித்தது.

"வெட்டற ஆளுக வந்துட்டாங்கப்பா."

"வரட்டும்." அவர் நிமிரவில்லை. அடுத்த விதையைக் கையில் எடுத்திருந்தார். "பெட்டியப் பெரட்டறதுக்கு ரெண்டாளு வேணுமல்ல?"

செருப்பைக்கூட மாட்டாமல் அவள் கேட்டைத் திறக்க ஓடினாள்.