வலப்பக்கத்து மச்சம்

"இன்னும் கிழவனாத்தான் இருக்கேன்" என்று மாதிரித் தாளைத் தள்ளிவிட்டார் நாம்குங் பெரியவர்.

ஓவியர் பியோவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இது ஐந்தாவது மாதிரி.

"ஐயா, உங்களுக்கு வயசு எழுபத்தொண்ணு."

"எனக்குத் தெரியாதா?"

முதல் மாதிரியில் பியோ எல்லாவற்றையும் எண்ணித்தான் வரைந்திருந்தார். நெற்றியில் ஐந்து சுருக்கம், கன்னங்களில் பதினான்கு கரும்புள்ளி, தொங்கிப்போன இடது இமை, மூக்குக்கு இடப்பக்கம் ஒரு மச்சம்.

கொரியாவின் சோசன் நாட்டில் முன்னோர் படம் என்றால் அப்படித்தான். அமைச்சரே ஆனாலும் அம்மைத் தழும்பை விடுவதில்லை. ஒரு முடி பிசகினாலும் அது வேறொருவர் படம். இறந்தபின் படத்துக்கு முன்னால் படைக்கிற சோறும் அந்த வேறொருவருக்கே போய்ச் சேரும்.

பெரியவரோ ஒவ்வொன்றாக எடுக்கச் சொன்னார். முதலில் புள்ளிகள். பிறகு சுருக்கங்கள். பிறகு தாடியின் நரை. நேற்று, தாடியையே.

கதவோரம் நின்ற மகன் தே-க்யூ தலையில் அடித்துக்கொண்டார்.

"ஊரே சிரிக்குதுப்பா. உங்கப்பாவுக்குப் பொண்ணு பாக்கறீங்களான்னு என்னைக் கேக்கறாங்க."

"நல்ல இடமா இருந்தா சொல்லச் சொல்லு."

தே-க்யூ விருட்டென்று வெளியே போனார்.

பியோ மூச்சை இழுத்துவிட்டார். "நாப்பது வருஷத்துல நூத்திப்பன்னெண்டு முகம் வரைஞ்சிருக்கேன் ஐயா. ஒண்ணுலயும் பொய் கிடையாது. மீசை முளைக்காத பையனை வரைஞ்சு இது நாம்குங் ஐயான்னு கொடுத்தா, அப்புறம் எந்த வீட்டுல என்னைக் கூப்பிடுவாங்க?"

"நான்தான் அப்படி வரையச் சொன்னேன்னு சொல்லு. சிரிக்கிறவன் என்னைப் பாத்துச் சிரிக்கட்டும். தொங்கற இமையைத் தூக்கிடு. அப்புறம் ஒண்ணே ஒண்ணுதான் பாக்கி. அந்த மச்சத்தை வலப்பக்கம் மாத்திடு."

பியோ தூரிகையைக் கீழே வைத்துவிட்டார்.

"புள்ளியை எடுத்தா இளமை வரும்னு ஆசைப்படறீங்க, சரி. மச்சத்தை மாத்தினா என்ன வரும்? அழகுக்குக்கூட ஆகாத வேலை! நாளைக்கு உங்க பேரப்பிள்ளைங்க உங்களைக் கும்பிட மாட்டாங்க. யாரோ ஒருத்தனைக் கும்பிடுவாங்க. படையல்ல ஒரு பருக்கைகூட உங்களுக்கு வராது!"

பெரியவர் கதவைப் பார்த்தார். வெளியே யாரும் இல்லை.

"யாரோ ஒருத்தன் இல்லப்பா. என் தம்பி" என்றார், மெல்ல. "ஒரே நாள்ல பொறந்தோம். அம்மாவுக்கே அடையாளம் தெரியாது. மச்சத்தைப் பாத்துத்தான் பேர் சொல்லிக் கூப்பிடுவா. அவனுக்கு வலப்பக்கம்."

பியோ மாதிரித் தாளில் இருந்த மச்சத்தைப் பார்த்தார்.

"கல்யாணத்துக்குப் பதினோரு நாள் இருந்தது. காய்ச்சல்ல போயிட்டான். வயசு பத்தொன்பது. கல்யாணம் ஆகாதவனுக்கு எங்க வீட்டுல படையல் வைக்கிற வழக்கமில்ல. கேட்டுப் பாத்தேன், அப்பாவும் ஒத்துக்கல, பங்காளிகளும் ஒத்துக்கல. அம்பத்திரண்டு வருஷமா அவனுக்கு ஒரு கிண்ணம் சோறு இல்ல. என் படம்னு சொன்னா, யாரும் மறுக்க மாட்டாங்க."

"அப்போ... உங்க பங்கு, ஐயா?"

"நான்தான் எழுபத்தொரு வருஷம் சாப்பிட்டாச்சே" என்றார் பெரியவர். "மச்சத்தை வரை."