பங்களா வளைவு

மலையேறுகிற குட்டி ரயிலின் நீராவி எஞ்சினை ஓட்டும் டிரைவர், பங்களா வளைவு வந்தால் மட்டும் விசிலை நீட்டி முழக்குவார்.

"பங்களாக்காரர் மறுபடியும் புகார் கொடுத்திருக்கார். இனி அங்க ஊதாதீங்க," என்றார் ஸ்டேஷன் மாஸ்டர்.

"ஊதுவேன் சார்."

"வேலை போயிடும்."

"போனா போகட்டும்."

"அவர் மேல அப்படி என்னய்யா கோபம்?"

டிரைவர் கரி படிந்த கையைத் துடைத்துக்கொண்டார்.

"அவர் என் மாப்பிள்ளை. கல்யாணத்துக்கு அப்புறம் என் மகளைப் பிறந்த வீட்டுக்கே அனுப்பல. எங்களையும் வாசப்படி மிதிக்க விடல. விசில் கேட்டா ஜன்னலுக்கு ஓடி வருவா. நாங்க முகம் பார்த்துக்கறதே அப்பத்தான்."

ஸ்டேஷன் மாஸ்டர் பச்சைக் கொடியைக் கையில் எடுத்தார்.

"இன்னைக்கு அந்த வளைவுல வண்டியை நிறுத்துங்க. அவ வர நினைச்சா ஏறிக்கட்டும். யாராவது கேட்டா, ஏத்தத்துல எஞ்சினுக்கு மூச்சு வாங்குச்சுன்னு நான் சொல்லிக்கறேன்."